இரண்டடித் தொட்டிக்கு எந்த விளக்கு?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இனிமேல் தூத்துக்குடி வீட்டு மூலையில் இருக்கிற ஒட்டடை எல்லாம் அவர் கண்ணில் பட ஆரம்பிக்கும். உன் அண்ணி பாடுதான் பாவம்.

இங்கே சிங்கப்பூரில் பெரிய செய்தி, மகன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். வார இறுதியில் வருகிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான், போய்விடுகிறான். அவன் அறை காலியாகக் கிடக்கிறது. அங்கே இன்னொரு தொட்டியைக் கொண்டுபோய் வைத்துவிடுவேனோ என்று மாலா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவள் சந்தேகம் வீண் இல்லை.

சரி, விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். பினாங்கு வீட்டில் புதிதாகப் போடப்போகும் கடல் பவளத் தொட்டிக்கு, நீ அனுப்பிய மூன்றில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய்: 165 வாட் எல்இடிப் பெட்டி, டி5 என்ற மெல்லிய ஒளிர்குழாய் நாலு கொண்ட பழைய விளக்கு, 40 வாட் சின்ன எல்இடி. தொட்டி 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம் என்று எழுதியிருக்கிறாய். வாட் இருக்கிறது, விலை சென் வரைக்கும் இருக்கிறது. உள்ளே எந்தப் பவளத்தை வைக்கப்போகிறாய் என்பது மட்டும் இல்லை. அதைச் சொன்னால்தான் விளக்கைச் சொல்ல முடியும். நீ முதல்முறை வளர்ப்பவன் என்பதால் நானே ஒரு பட்டியலை ஊகித்துக்கொள்கிறேன்: மஷ்ரூம், சோவாந்தஸ், ஒரு லெதர் என்று மென்மையான பவளங்கள், பிறகு கொஞ்சம் தைரியம் வந்ததும் டங்கனோ ஹாமரோ, கடின பவளம் ஒன்று. இதுதான் என்றால் நீ நினைத்திருப்பதைவிடச் சின்ன விளக்கே போதும்.

பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளியைச் சர்க்கரையாக்கி அதற்குச் சோறு போடுகிறது என்பது உனக்குத் தெரிந்ததுதான். அந்தப் பாசிக்கு எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதை 'பார்' (PAR) என்ற அளவில் சொல்வார்கள். 400 முதல் 700 நானோமீட்டர் வரைக்குமான ஒளித்துகள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்ற கணக்கு. நம் பக்கத்து உச்சி வெயில் கிட்டத்தட்ட 2000. நான் மேலே சொன்ன மென்மையான வகைகளுக்கு 50 முதல் 150 போதும். டங்கன், ஹாமர் எல்லாம் 100ஐ ஒட்டி இருந்தால் நன்றாகவே விரிந்து நிற்கும். 250, 300 என்று கேட்பது அக்ரோபோரா மாதிரிக் கிளைப் பவளங்கள். அதை முதல் வருடத்தில் நீ வாங்கக்கூடாது, விளக்கு தாங்கினாலும் தண்ணீர் தாங்காது. கோமாளி மீன் குடியிருக்கும் அனிமோனும் (கடற்சாமந்தி) இப்போது வேண்டாம். கோமாளி மீன் அது இல்லாமலேயே சந்தோஷமாக இருக்கும்.

நீ வியந்து எழுதியிருக்கிற அந்த 165 வாட் கறுப்புப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பல்பு ஒன்றுக்கு 3 வாட், மொத்தம் 55 பல்பு, அதைப் பெருக்கி அட்டையில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே அவற்றை முழுத் திறனில் ஓட்டுவதில்லை. பிளக்கில் மீட்டர் வைத்து அளந்தால் நன்றாகவே குறைத்துக் காட்டும். அப்படியும் 40 செ.மீ. ஆழத் தொட்டிக்கு அது அதிகம்தான். முழுவதும் திருகி வைத்தால் நடுவில் இருக்கிற மஷ்ரூம் சுருங்கி வெளுத்துவிடும். மோசமான விளக்கு என்று சொல்லவில்லை. நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு தனித்தனியாக இருப்பதால், நீலத்தைப் பாதியிலும் வெள்ளையை அதைவிட வெகு கீழேயும் வைத்து வருடக்கணக்கில் அழகாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குறை என்னவென்றால் ஃபேன். உப்புக் காற்றில் அதுதான் முதலில் போகும், போவதற்கு முன் வீட்டையே இரைச்சலாக்கும். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் தொட்டி என்கிறாய். தங்கச்சி தேவி எத்தனை நாள் பொறுப்பாள் என்று நீதான் கணக்குப் போட வேண்டும்.

இரண்டாவது, அந்த நாலு குழாய் டி5. கைமாறி வருவதால் மலிவாக இருக்கிறது. ஒளி என்னவோ அதில்தான் அருமை. தொட்டி முழுக்க ஒரே சீராக விழும், பாறைக்குப் பின்னால் இருட்டு மூலை இருக்காது. ஆனால் குழாய்களை ஒன்பது, பத்து மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கண்ணுக்கு வெளிச்சம் குறையாத மாதிரியே இருக்கும், பவளத்துக்குத்தான் குறைவு தெரியும். அதோடு பாதரசம் உள்ள இந்த மாதிரி ஒளிர்குழாய்களைக் கைவிட, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023இல் முடிவெடுத்துவிட்டன. பொது வெளிச்சத்துக்கான நீளக் குழாய் விளக்குகளுக்கு 2027தான் கெடு, தொட்டிக் குழாயும் அதோடு அரிதாகலாம். குழாய் கிடைக்காமல் போகக்கூடிய விளக்கை இன்றைக்கு வாங்கிப் போடுவானேன்? ஆசை வேண்டாம், விட்டுவிடு.

மூன்றாவதைத்தான் வாங்கச் சொல்வேன். அந்த 40 வாட் சின்ன எல்இடி, செடித் தொட்டிக்கு இல்லாமல் கடல் தொட்டிக்கென்றே நீலம் தூக்கலாகச் செய்தது, ஒளியைக் கூட்டிக் குறைக்க வசதி உள்ளது. தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு 25 செ.மீ. உயரத்தில் நடுவில் நிறுத்தினால் போதும். பவளங்களை நடுப்பாறையிலும் அடியிலும் வைக்கப்போவதால், ஓரங்களில் ஒளி குறைவது உனக்குச் சாதகம்தான், மஷ்ரூமை அங்கே ஒதுக்கிவிடலாம். பெயர் பெற்ற கெஸில், ஏஐ பிரைம் போன்றவை இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். புதிது வாங்கினால் பை கிழிந்துவிடும். ஆனால் பாதியில் பொழுதுபோக்கை விட்டவர்கள் விற்கும் பழைய விளக்குகள் எப்போதும் சந்தையில் உண்டு. நேரில் போய் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக எரிய விட்டுப் பார். ஃபேன் சத்தத்தைக் கேள். திருகாணிகளில் துரு இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம், பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடு.

நீலம் எதற்கு என்று கேட்டிருந்தாய். கடலில் சில மீட்டர் இறங்கியதுமே சிவப்பு ஒளி பெரும்பாலும் தின்னப்பட்டுவிடும், நீலம்தான் ஆழம் வரைக்கும் போகும். பவளத்துக்குள் இருக்கும் பாசியும் அதற்கேற்ப 430 முதல் 480 நானோமீட்டர் பக்கம் நன்றாக உறிஞ்சுகிறது. கூடவே 450ஐ ஒட்டிய நீலத்தில்தான் பச்சையும் ஆரஞ்சும் ஒளிர்ந்து தெரியும். கடைக்காரர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கருநீல வெளிச்சத்தில் எந்தப் பவளமும் நவரத்தினம்தான். வாங்குவதற்கு முன் வெள்ளை விளக்கைப் போட்டுக் காட்டச் சொல். வெளுத்துக் கிடக்கிறதா, சதை கிழிந்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

இதற்காகவே கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலியை இறக்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அதை நம்பாதே. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு வைத்த அளவு, பச்சைக்குத்தான் மதிப்பெண் அதிகம். நீல விளக்கைக் காட்டினால் உள்ளதைவிடக் கம்மியாகச் சொல்லும், நீயும் பயந்துபோய் ஒளியைக் கூட்டிவிடுவாய். பவளத்தையே பார்த்துக்கொண்டிரு. சோவாந்தஸ் காம்பை நீட்டி மேலே எட்டிப் பார்த்தால் ஒளி போதவில்லை. மஷ்ரூம் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு நிறம் வெளிறினால் கூடிவிட்டது. பழுப்பாகிக்கொண்டே போனால் ஒளி குறைவாக இருக்கலாம், தண்ணீரில் உரச்சத்து அதிகமாகவும் இருக்கலாம்.

சோவாந்தஸைப் பற்றி ஒன்று, இது விளையாட்டு இல்லை. அதன் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெறுங்கையால் தொடாதே, அது ஒட்டிய பாறையைச் சுடுநீரில் போடவோ அழுத்தித் தேய்க்கவோ செய்யாதே. ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் வீட்டோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். சின்னவளைத் தொட்டிக்குள் கை விட விடாதே.

பணத்தை மிச்சப்படுத்த இன்னொரு வழி இருக்கிறது: விளக்கை இப்போதே வாங்காதே. தொட்டியில் பாறையும் உப்புத் தண்ணீரும் போட்டு, அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருகி நிற்க எப்படியும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த பாக்டீரியாவுக்கு வெளிச்சமே தேவையில்லை. அந்த நாட்களில் விளக்கைப் போட்டால் பழுப்புப் பாசியும் முடிப்பாசியும்தான் வளரும். தொட்டியைப் பார்க்க ஆசையாக இருந்தால் உன் பழைய செடித்தொட்டி விளக்கை ஒன்றிரண்டு மணி நேரம் போட்டுக்கொள். அந்த 6500 கெல்வின் வெள்ளை விளக்கில்கூட லெதர் வளரும், பார்க்க மஞ்சளாகச் சாதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

மிச்சப்படும் காசை எங்கே போட வேண்டும் என்றால், வெப்பத்தில். பினாங்கும் சிங்கப்பூரும் இந்த விஷயத்தில் அண்ணன் தம்பி. தொட்டித் தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது, நம் வீடுகளில் சும்மா வைத்தாலே 30ஐத் தொடும். நீ பொறியாளன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: விளக்கு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அந்த அறைக்குள் சூடாகத்தான் முடிகிறது. பெரிய விளக்கு வாங்கி, அது தரும் சூட்டைத் தணிக்கச் சில்லர் வாங்கி, இரண்டுக்கும் மின்கட்டணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சில்லர் விலையைக் கேட்டால் விளக்கு விலை சில்லறையாகத் தெரியும். முதலில் தண்ணீர் மேல் வீசுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைத்துப் பார். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறுவதால், தினமும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மின்கட்டணம் என்று சொன்னதால் இதையும் போட்டுப் பார்த்தேன். இங்கே யூனிட்டுக்குச் சுமார் 30 காசு. 100 வாட் இழுக்கும் பெட்டி ஒரு நாளைக்கு 9 மணி நேரம் எரிந்தால் மாதம் 8 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும். 40 வாட் விளக்குக்கு 3 வெள்ளிச் சொச்சம். உங்கள் ஊர்க் கட்டணத்தில் நீ போட்டுக்கொள், விகிதம் அதேதான்.

விளக்கு வந்ததும் ஒரே நாளில் முழுவதும் ஏற்றிவிடாதே. மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து சதவீதம் என்று ஏற்று. ஓரிடத்தில் பவளம் நிம்மதியாக விரிந்து நின்றால் அங்கேயே நிறுத்து, நூறு சதவீதம் என்பது எட்டவேண்டிய இலக்கு இல்லை. எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதும், மலிவான பிளக் டைமர் ஒன்றே அதைப் பார்த்துக்கொள்ளும். பாசி வந்தால் விளக்கைத் திட்டாதே, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதித்துப் பார், பாதி நேரம் குற்றவாளி மீன் தீனிதான்.

மின்சாரம் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அடாப்டரில் மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா பார். வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்று, வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் அந்த இணைப்பில் வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்கு. விளக்குக்கு அடியில் ஒரு அக்ரிலிக் தகடு வைத்தால் லென்ஸில் உப்புப் படியாது.

ஊரில் இருக்கும் தம்பியும் உன்னைப் பார்த்து ஒரு தொட்டி போடப்போவதாக எழுதியிருந்தாய். அவனுக்கு இதைச் சொல்லிவிடு: இந்தியாவில் கடின பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வேம்பாரிலோ முயல் தீவிலோ கரை ஒதுங்கிய துண்டு என்று எடுத்து வந்தாலும் வம்புதான். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சுண்ணாம்புக் காளவாய்க்கு வண்டி வண்டியாகப் பவளப்பாறை போனதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அப்படித் தோண்டித் தோண்டியே மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அவன் மீன் மட்டும் வளர்க்கட்டும், அதற்கு எந்த விளக்கும் போதும்.

என் தொட்டியில் டங்கன் பெருகிக் கிடக்கிறது, உனக்கு இரண்டு தலை வெட்டித் தர ஆசைதான். ஆனால் கடின பவளம் எல்லாம், அரிய உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் அனுமதிக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. அங்கேயே காகிதத்தோடு விற்கும் கடையில் வாங்கிக்கொள். நான் கொண்டுவரக்கூடியது வேறொன்று. இங்கே எங்கள் கூட்டத்தில் ஒருவர் 'பார்' அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறார், கேட்டால் தருவார். தைப்பூசத்துக்கு உங்கள் ஊர்த் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வர வேண்டும் என்று மாலா நேர்ந்துகொண்டிருக்கிறாள். அதற்குள் உன் தொட்டித் தண்ணீரும் பக்குவப்பட்டிருக்கும். மீட்டரைக் கையோடு கொண்டுவந்து, அடியில், நடுவில், ஓரத்தில் என்று அளந்து, எந்தப் பாறையில் எதை வைப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம். இந்த முறை ஹோட்டல் போடப்போவதில்லை, உன் வீட்டில்தான் தங்குவோம். உனக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று எழுது, அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுகிறேன்.

தேவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
முத்து