நாலு கட்டைக்கு இறங்கி வா

ஸ்ரீரங்கம்,
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் பேரன் புராணம். கடைசி நாலு வரியில்தான் விஷயம்: நவராத்திரிக்குக் கோயிலில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள், முடியாது என்று சொல்லிவிடப் போகிறாய். மேல் ஸ்தாயி 'ம', அதாவது மத்யமம் வரை ஒழுங்காக வருகிறதாம், அதற்கு அடுத்த 'ப'வை, பஞ்சமத்தைத் தொட்டால் குரல் கிழிகிறதாம், இனிமேல் பாட்டு பூஜை அறையோடு சரியாம். முக்கியமான சேதியைக் கடைசியில் ஒளித்து வைக்கும் பழக்கம் உனக்குப் படிக்கிற காலத்திலிருந்தே உண்டு. ஆகவே பேரனுக்குப் பல் முளைத்ததைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

முதலில் ஹார்மோனியத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொள். உன் வழக்கமான ஐந்து கட்டையை, அந்த ஐந்தாவது வெள்ளைக் கட்டையை, ஷட்ஜமாக, அதாவது 'ஸ'வாக வைத்து மேல் சுத்த மத்யமத்தில் விரலை வை. விரலை எடுக்காதே. இப்போது நாலு கட்டையை ஷட்ஜமாக வைத்துப் பார். விரல் நிற்கிற அதே இடம்தான் மேல் பஞ்சமம். உனக்கு இன்றைக்கும் சுத்தமாக எட்டுகிற அந்த மத்யமமே, ஒரு கட்டை இறங்கினால் நீ தொலைத்துவிட்டதாக அழுகிற பஞ்சமம். தொண்டை எங்கேயும் போகவில்லை, ராஜி. ஐந்து கட்டை என்ற பிடிவாதத்தைத்தான் நீ விட வேண்டும்.

அது உனக்குக் கௌரவப் பிரச்சினை என்று தெரியும். "சுருதியை இறக்கிவிட்டாளாமே" என்று நாம்தான் எத்தனை பேரைப் பற்றிச் சபாவின் பின்வரிசையில் உட்கார்ந்து கிசுகிசுத்திருக்கிறோம்! ஆனால் சுருதி என்பது யாருக்கும் பிறப்புரிமையாக எழுதிக் கொடுத்ததில்லை. மைக் இல்லாத காலத்தில் நாடக மேடையில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்றுதான் அந்த உச்சத்தில் பாடினார்கள். வயலின் வித்வான் சௌடையா தன் வயலினுக்கு ஏழு தந்தி போட்டதும் அதே கவலையால்தான். மைக் வந்ததும் ஆண் வித்வான்கள் மெல்ல மெல்ல ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எம்.டி.ராமநாதன் அதற்கும் கீழே போய், அந்த ஆழத்தையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். ஒரு கருவிக்காக ஒரு தலைமுறையே சுருதியை இறக்கலாம், உன் எழுபது வயதுத் தொண்டைக்காக நீ இறக்கக் கூடாதா?

இன்னொன்று, இது உன் குற்றமும் இல்லை, சாதகம் குறைந்ததாலும் இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு ஹார்மோன்கள் மாறுவதால் பெண்களுக்குக் குரல் நாண்கள் சற்றுத் தடிக்கின்றன. தடித்த நாண் மெதுவாக அதிரும், குரல் கீழே இறங்கும். ஆண்களுக்கு நேர் எதிர். அவர்களுக்கு நாண் மெலிந்து குரல் ஏறும். எங்கள் வீட்டில் தொலைபேசியை நான் எடுத்தால் "சார்" என்கிறார்கள், அவர் எடுத்தால் "அம்மா, சார் இருக்கிறாரா?" என்கிறார்கள். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. இப்போது "இல்லையே" என்று சொல்லி வைத்துவிடப் பழகிவிட்டார். வங்கிக் கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களிடமிருந்து தப்பிக்க அதுவும் ஒரு வழிதான்.

என் கதைக்கு வருகிறேன். உனக்குக் குரல் என்றால் எனக்கு முழங்கால். பாடகிக்கு முழங்கால் வலித்தால் நாற்காலி போட்டுக்கொண்டு பாடிவிடலாம். வயலின்காரிக்கு அப்படி இல்லை. சம்மணமிட்டு, வலது காலைச் சற்று முன்னே நீட்டி, கணுக்காலில் வயலினின் சுருள் தலையை ஊன்றினால்தான் இடது கை சுதந்திரமாகத் தந்தியில் ஓடும். மேல்நாட்டார்போல் தாடையில் இடுக்கிக்கொண்டு, சுரத்தை அசைத்து வாசிக்கிற நம் கமகத்தை வாசித்துப் பார், வயலின் கையோடு சேர்ந்து ஆடும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் சங்கீதத்துக்குள் வந்த கருவி, தரையில் உட்காரப் பழகி, கடைசியில் நம் கணுக்காலையே தன் உறுப்பாக்கிக்கொண்டுவிட்டது. அந்தக் கால் மடங்க மறுத்தால் என்ன செய்வது?

சில மாதம் வயலினைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. பிறகு தெற்குச் சித்திரை வீதித் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு குட்டி முக்காலி செய்யச் சொன்னேன். உயரம் என் நாற்காலிப் பலகையைவிட நாலு விரல் கூடுதல். மேலே இலவம்பஞ்சுத் திண்டு, திண்டின் நடுவே கிண்ணம்போல் ஒரு குழி. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டு சுருள் தலையைக் குழியில் உட்கார வைத்தால் வயலின் அசைவதில்லை. முதல் முக்காலி வழுக்கியது, அடியில் ரப்பர் ஒட்டச் சொன்னேன். பிறகு வில் போடும்போது வலது முழங்கை தொடையில் இடித்தது, முக்காலியை இடப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினேன். நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. தச்சர் எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்துவிட்டுக் கடைசியில், "அம்மா, இது பிள்ளையாரை வைக்கவா?" என்று கேட்டார்.

மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பது மரியாதையா என்று எங்கள் உறவில் ஒரு பெரியவர் முணுமுணுத்தார். அவர் கோயிலில் பிரதட்சிணம் வருவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, கொடிமரத்தடியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். பெருமாள் அதைப் பொறுத்துக்கொள்ளும்போது இதையும் பொறுத்துக்கொள்வார்.

முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கிற பிசியோதெரபிப் பெண் ஒருத்தி இருக்கிறாள், என் பேத்தி வயது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லிப் பிழிந்தெடுக்கிறாள். இந்த வயதில் தசை வளருமா என்று கேட்டதற்கு ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 1990இல் அமெரிக்காவில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதையொட்டியவர்களுக்கு 8 வாரம் தொடைத் தசைக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்களாம். வலு சராசரியாக 174 சதவீதம் கூடியதாம். எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினால் போதும்.

அடுத்தது காது. வெள்ளெழுத்து வந்தபோது கண்ணாடி போட்டுக்கொள்ள நமக்கு வெட்கமாக இருந்ததா? காதுக்கு மட்டும் ஏனோ எல்லோரும் ஒளிகிறோம். பரிசோதனையில் 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை ஒலி எழுப்பி ஒரு கோடு வரைகிறார்கள். என் கோடு 2,000 வரை சமதரை, அதற்கப்புறம் மலைக்கோட்டைப் படி. வயதாகும்போது உயர்ந்த ஒலிகள்தாம் முதலில் கழன்றுகொள்ளுமாம். உயிரெழுத்துகளின் பலம் கீழ் ஒலிகளில் இருப்பதால் அவை தப்பித்துக்கொள்கின்றன. வல்லின மெய்கள் மாட்டிக்கொள்கின்றன. மருமகள் "தட்டு எடுத்து வையுங்கள்" என்றால் எனக்குப் "பட்டு" என்று விழுகிறது. பட்டென்றால் நான் எப்போதும் தயார்தான், ஆனால் சாப்பாட்டு வேளையில் எதற்கு என்று திகைக்கிறேன்.

தம்புராவின் ரீங்காரம் மங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை. தந்திக்கு அடியில் வைக்கிற ஜீவா நூலை எவ்வளவு நகர்த்தினாலும் அந்த மேல் ஒலிகளின் மினுமினுப்பு வரவில்லை. பக்கத்தில் இருந்த மாணவி, "நன்றாகத்தானே பேசுகிறது, மாமி" என்றாள். காதில் கருவி மாட்டியதும் பேச்சு தெளிந்தது. தம்புரா மட்டும் இன்னும் கெட்டது, ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் அமுங்கும். கேட்டால், அந்தக் கருவி பேச்சுக்காகச் செய்ததாம். விடாமல் ஒலிக்கிற ஒரே சுரத்தைத் தன்னுள் எழும் விசில் சத்தம் என்று நினைத்து அமுக்கப் பார்க்குமாம். நூற்றாண்டுகளாக நாம் சாமி மாதிரி நினைக்கிற ஆதார சுருதி, அந்த இயந்திரத்துக்கு இரைச்சல்! இசைக்கென்று தனியாக ஒரு அமைப்பு வைக்கலாமாம். அதை வைத்துத் தரச் சொல்லி வாங்கிவிட்டேன். பழைய ரீங்காரம் முழுவதுமாகத் திரும்பவில்லை. முக்கால்வாசி வந்தது.

எல்லாவற்றுக்கும் முக்காலி செய்ய முடியாது, ராஜி. மூன்றாம் காலத்தில், அந்த அதிவேகத்தில், நான் வாசித்த மோகன ராகத் தானம் போயே போய்விட்டது. வேகத்துக்கான தசை நார்கள் முதலில் நலிகின்றன, நீண்ட உழைப்புக்கானவை தாக்குப்பிடிக்கின்றன என்கிறார்கள். காரணம் தெரிந்ததால் வருத்தம் குறைந்துவிடவில்லை. யாராவது "வயது வெறும் எண்தானே" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலையில் விரல் விறைத்துக்கொண்டு எழுந்திருக்கட்டும், அப்புறம் சொல்லட்டும்.

ஆனால் ரூபின்ஸ்டைன் என்ற பியானோ மேதை செய்த காரியம் ஒன்றை என் பையன் சொன்னான், அதை நான் பிடித்துக்கொண்டேன். 80 வயதில் எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்னாராம்: உருப்படிகளைக் குறைத்துக்கொண்டேன், இருப்பதை அதிகமாகச் சாதகம் செய்கிறேன், வேகமான இடம் வருவதற்கு முன்னால் வேகத்தைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறேன், அப்போது அடுத்து வருவது வேகமாகத் தெரிகிறது. பால்டெஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் முதுமையைப் பற்றிய தன் கோட்பாட்டுக்கு இதையே உதாரணமாகக் காட்டியிருக்கிறார். கோட்பாடு கிடக்கட்டும், அந்தத் தந்திரத்தைப் பார்! நம் செம்மங்குடி மாமா ஒத்துழைக்காத தொண்டையை வைத்துக்கொண்டு 90 வயதைத் தாண்டியும் மேடையேறவில்லையா? வீணை தனம்மாளுக்குக் கடைசிக் காலத்தில் பார்வையே இல்லை. வெள்ளிக்கிழமை மாலையில் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் கூடியவர்கள் யாரும் அதனால் சீக்கிரம் எழுந்து போனதாகக் கேள்விப்படவில்லை.

ஆகவே நவராத்திரிக்கு இப்படிச் செய். இரண்டரை மணி நேரம் வேண்டாம், ஒன்றேகால் மணி போதும் என்று கோயிலில் சொல்லிவிடு. விறுவிறுப்புக்காக வைத்திருக்கும் துரித கால உருப்படிகளை எல்லாம் எடுத்துவிடு. சஹானா ராகத்தை முன்னால் வை. அதற்கு அவசரமும் இல்லை, உயரமும் வேண்டாம். பைரவியை நடுவில் வைத்து ஆற அமரப் பாடு. வேகமாக உருட்டுகிற பிருகாவை நம்பாதே. மூச்சு போதாமல், நீட்டிப் பிடிக்கிற கார்வை பாதியில் அறுந்தால், எடுப்புக்கு முன்னாலேயே ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு கார்வையைச் சுருக்கு. ஒரே வரியை விரித்துப் பாடுகிற நிரவலில் மேலே ஏறும்போது பக்கவாத்தியத்துக்கு இடம் கொடு, அங்கே நான் ஏறிக்கொள்கிறேன். ஆமாம், பக்கவாத்தியம் நான்தான், முக்காலியோடு வருகிறேன். உனக்கு விருப்பமில்லை என்றால் எழுது. எழுதினாலும் வருவேன்.

ஒரு காரியம் மட்டும் உடனே சொல்ல வேண்டும். ஐந்து கட்டைக்கு இறுக்கிய வயலின் தந்தியை நாலுக்கு இறக்கினால் தளர்ந்துபோய்ப் பேசாது, கொஞ்சம் தடித்த தந்தி போட்டாக வேண்டும். இங்கே கடையில் கிடைக்காது, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், புதுத் தந்தி இழுபட்டு நிலைக்கவும் நாளாகும். நாலா, நாலரையா என்று காலையில் குரல் திறந்த பிறகு பாடிப் பார்த்துவிட்டுச் சொல். எழுந்த கையோடு பாடிப் பார்த்து மூன்றரை என்று எழுதிவிடாதே.

பேரன் பல் விஷயம் மறந்துபோயிற்று. வெந்நீரில் கழுவிய கேரட் துண்டு கொடுத்துப் பார் என்று மருமகள் சொல்கிறாள். நான் சொல்வது, பக்கத்திலேயே இரு, வாய்க்குள் போட்டு விழுங்கிவிடப் போகிறான்.

அன்புடன்,
வசந்தா