என் மில்லிங் மெஷினை நேராக்கித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கோவை கணபதியில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் உலோகத்தைச் சுழலும் வெட்டுக்கருவியால் வெட்டும் சிறிய மேசை மில்லிங் மெஷினைக் கடந்த சித்திரையில் முழுவதுமாகப் பிரித்துப் போட்டேன். இன்று அது மீண்டும் ஓடுகிறது. அதற்குக் காரணமானவர்களுக்கு, எவருக்கு எதற்காக என்று குறிப்பிட்டு நன்றி சொல்லவே இம்மடல்.

பழையதாக வாங்கிய அந்த மெஷினில், நடுப்பகுதியில் ஆட்டமில்லாதபடி கிப்பை (சறுக்குப் பரப்புகளுக்கு இடையிலான தளர்வைச் சரிசெய்யும் பட்டையை) இறுக்கினால், வெட்டும் பொருளைத் தாங்கி நகரும் மேசை இரு முனைகளிலும் சிக்கிக்கொள்ளும். முனைகளுக்கு ஏற்பத் தளர்த்தினால் நடுவில் ஆடும். வெட்டுக்கருவியைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில், நுண்ணிய உயர வேறுபாட்டை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்திச் சுழற்றினால், 200 மி.மீ. இடைவெளியில் மேசையின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 0.18 மி.மீ. வேறுபாடு காட்டியது.

வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, மேசையை முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று எண்ணியிருந்த என்னைத் தடுத்தவர், டூல் ரூமில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா அவர்கள். கோணலான இரண்டு பரப்புகளை ஒன்றோடொன்று தேய்த்தால் அவை ஒன்றுக்கொன்று பொருந்துமே தவிர நேராகா என்றும், பேஸ்ட்டின் துகள்கள் வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டு பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும் என்றும் அவர் விளக்கினார். தேய்ப்பதைவிடச் சீவுவதே மேல் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோவில் வாதிட்டதைப் பின்னர் படித்தபோது, ஐயா சொன்னதன் அருமை எனக்கு இன்னும் கூடியது.

அதன்பின் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் எனக்கு அந்தச் சீவும் வேலையான ஸ்க்ரேப்பிங்கைக் கற்றுத்தந்தார். மிகத் தட்டையாக்கப்பட்ட பலகையான சர்ஃபேஸ் பிளேட்டில் மார்க்கிங் ப்ளூ என்னும் நீல மையை மெல்லிய படலமாகத் தடவி, மெஷினின் மேசையைத் தாங்கும் சேடிலை அதன்மேல் வைத்து மெதுவாக நகர்த்தி எடுத்தால், உயர்ந்த இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடங்களை மட்டும் கை ஸ்க்ரேப்பரால் சீவ வேண்டும். ஒரு சீவலில் போவது சில மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). சதுர அங்குலத்துக்கு நான்கைந்து புள்ளிகளாக இருந்த தொடுகை இருபதை எட்டும்வரை, தடவி, வைத்து, எடுத்து, சீவி, மீண்டும் தடவினோம். "போதுமா ஐயா?" என்று நான் கேட்டபோதெல்லாம், "என்னைக் கேட்காதீங்க தம்பி, ப்ளூவைக் கேளுங்க" என்பதே அவருடைய பதில். அந்தப் பொறுமைக்கு நான் என்றென்றும் கடன்பட்டிருக்கிறேன்.

கருங்கல் சர்ஃபேஸ் பிளேட்டை நான்கு மாதங்களுக்கு என்னிடமே விட்டுவைத்த லேத் பட்டறை அண்ணனுக்கும் என் நன்றி. தலைப்பகுதியில் பல் உடைந்துபோன பிளாஸ்டிக் கியர்களுக்குப் பதிலாக பெல்ட் பூட்டுவதற்கான புல்லிகளைக் கடைந்து தந்தவரும் அவரே. சாதாரண பால் பேரிங்குகளை எடுத்துவிட்டு தண்டின் நீளவாட்டு அழுத்தத்தையும் தாங்கும் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குகளைப் போட முடிவு செய்தபோது, எந்த முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், முன்சுமையை (ஆட்டம் வராதபடி பேரிங்குக்கு முன்கூட்டியே தரும் அழுத்தத்தை) எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கடையில் கூட்டம் நின்றபோதும் தாளில் வரைந்து காட்டிய பேரிங் கடை ஊழியருக்கும் நன்றி.

அட்டையில் ஓர் அங்குலச் சதுரம் வெட்டி, அதைப் பரப்பின்மேல் வைத்து நீலப்புள்ளிகளை எண்ணிச் சொன்ன என் தம்பி மகள், எனக்குச் சாதகமாக ஒரு புள்ளியைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. பழைய கியர் சத்தத்தை இரவு நேரங்களிலும் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கு, பெல்ட் தந்திருக்கும் அமைதியே என் நன்றியாக அமையட்டும்.

தலைப்பகுதியைத் தாங்கும் கம்பத்தின் அடிப்பரப்பையும் சீவிப் பொருத்திய பிறகு, முன்பு 0.18 மி.மீ. காட்டிய அதே இடத்தில் டயல் கேஜ் முள் இப்போது 0.02 மி.மீ. அளவுக்கே நகர்கிறது. சென்ற வாரம் ஓர் இரும்புக் கட்டையை ஆறு பக்கமும் வெட்டி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடுக்கில் ஒளி கசியவில்லை. அந்தக் கட்டையை ஐயாவுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற ஆயுத பூஜையன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, மெஷினுக்கு முதல் சந்தனப் பொட்டைத் தம் கையால் வைக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
பின்கட்டுப் பட்டறைக்காரன்