விக்கிப்பீடியால மேனேஜரைத் தேடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

தமிழ் விக்கிப்பீடியால ஏதோ ஒரு பக்கத்துல தப்பைப் பாத்துட்டு, கடுப்பாகி, "இங்க யாருய்யா பொறுப்பு"னு கேட்டுக்கிட்டே ஒத்தாசைப் பக்கத்துக்கோ, எல்லாரும் பொதுவா கூடிப் பேசுற ஆலமரத்தடிங்கிற பக்கத்துக்கோ வந்து சேர்றீங்க பாருங்க, உங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். நான் அங்க அப்பப்போ பதில் போடுற ஆளுங்கள்ல ஒருத்தன், அவ்ளோதான், நிர்வாகி கூட கிடையாது. சம்பளம் இல்ல, ஆபீஸ் இல்ல, ஷிப்ட் இல்ல. ராத்திரி சாப்ட்டு முடிச்சு போனை எடுத்தா யாராவது ஏதாவது கேட்டு வெச்சிருப்பாங்க, தெரிஞ்சா சொல்றது, தெரியலைனா தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு விடுறது.

முதல்ல அந்த மேனேஜர் விஷயத்தை முடிச்சுடுறேன். அப்படி ஒருத்தர் இல்லங்க. சான் பிரான்சிஸ்கோல விக்கிமீடியா அறக்கட்டளைனு ஒண்ணு இருக்கு, சர்வர், சாப்ட்வேர், கோர்ட்டு கேஸு, நன்கொடை வசூல் இதெல்லாம் அவங்க பாக்குறாங்க, ஆனா எந்தக் கட்டுரைல எந்த வரி இருக்கணும்ங்கிறதுல அவங்க தலையிடுறது ரொம்ப அபூர்வம். தமிழ் விக்கி 2003-ல ஆரம்பிச்சது, 2017-ல ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டுச்சு, அதை எழுதினவங்க வாத்தியாருங்க, ரிட்டயர்டு ஆளுங்க, காலேஜ் பசங்க, யாழ்ப்பாணத்துல இருக்குறவங்க, வெளிநாட்டுல வேலைக்குப் போனவங்கனு இப்படித்தான். நிர்வாகிங்கனு சிலர் இருக்காங்க, வாஸ்தவம்தான், பக்கத்தை நீக்குறதுக்கு, பூட்டுறதுக்கு, வம்பு பண்றவங்களைத் தடுக்குறதுக்கு அவங்களுக்குக் கூடுதலா சில பட்டன் உண்டு. ஆனா ஒரு கவிஞர் பொறந்தது 1921-ஆ 1923-ஆங்கிற சண்டைல நிர்வாகி பேச்சுக்கும் உங்க பேச்சுக்கும் ஒரே வெயிட்டுதான், யாரு கையில சான்று இருக்கோ அவங்க சொல்றதுதான் நிக்கும். அதனால "மேலிடத்துல சொல்லிடுவேன்"னு மிரட்டுறப்போ, எந்த மேலிடம்னு நாங்களும்தான் தேடிக்கிட்டிருக்கோம்.

வர்ற கேள்வில கொஞ்சம் எங்களுக்கு வர வேண்டியதே கிடையாது. பேங்க் பத்தின கட்டுரையைப் படிச்சுட்டு அந்தக் கட்டுரையைப் பத்தி விவாதிக்கிறதுக்குனு இருக்குற பேச்சுப் பக்கத்துலயே "என் ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிடுச்சு, எடுத்து விடுங்க சார்"னு எழுதுறது, யுனிவர்சிட்டி கட்டுரைல "ரிவேல்யுவேஷன் ரிசல்ட் எப்ப வரும்"னு கேக்குறது. இது தமிழ்ல மட்டும்னு நினைக்காதீங்க, ஆங்கில விக்கியோட உதவிப் பக்கத்துலயும் இதே கதைதான், நீங்க ஏதோ ஒரு கட்டுரையைப் பாத்துட்டு நாங்கதான் அந்தக் கம்பெனினு நினைச்சுட்டீங்க போலனு சொல்றதுக்குன்னே அங்க ரெடிமேடா ஒரு பதில் வெச்சிருக்காங்க. இதுல சிரிக்க முடியாத சங்கதி என்னன்னா, கேக்குற அவசரத்துல அக்கவுண்ட் நம்பர், செல் நம்பர் எல்லாம் சேர்த்துப் போட்டுடுறாங்க. அது ஊரே பாக்குற பக்கம்ங்க. நான் பாத்த உடனே அழிச்சாலும் பக்க வரலாறுல அந்தப் பழைய பதிப்பு அப்படியேதான் கிடக்கும், நிர்வாகி ஒருத்தர் வந்து அந்தப் பதிப்பையே மறைச்சாதான் வெளியாள் கண்ணுல இருந்து போகும், அதுக்குள்ள எவன் எவன் எடுத்துட்டுப் போனானோ. தயவுசெஞ்சு நம்பரைப் போடாதீங்க, நாங்க யாரும் உங்களுக்கு போன் பண்ணப் போறதும் இல்ல, அப்படி யாராவது விக்கில இருந்து பேசுறேன்னு கூப்பிட்டா உடனே கட் பண்ணுங்க.

கூகுள் பொட்டி இன்னொரு தலைவலி. ஒருத்தர் பேரைத் தேடினா ஓரத்துல படத்தோட ஒரு பொட்டி வரும்ல, அதுல பாதி எழுத்து விக்கிப்பீடியால இருந்து வந்திருக்கும், கீழ எங்க பேரும் இருக்கும், ஆனா படம், வயசு, சம்சாரம் பேரு இதெல்லாம் வேற எங்கெங்கயோ இருந்து கூகுள் தானா பொறுக்கிச் சேர்த்திருக்கும். "வேற ஆளு படத்தைப் போட்டு அசிங்கப்படுத்திட்டீங்க"னு எங்ககிட்ட வந்து குதிப்பாங்க, கட்டுரையைத் தொறந்து பாத்தா அதுல படமே இருக்காது. அந்தப் பொட்டிக்குக் கீழயே கருத்து சொல்றதுக்கு சின்னதா ஒரு இணைப்பு இருக்கு, அதை அழுத்தி கூகுள்கிட்டதான் சொல்லணும். தப்பு எங்க கட்டுரையிலயே இருந்தா அதை நாங்க உடனே சரிபண்ணலாம், ஆனா கூகுள் எப்ப வந்து புதுசா எடுத்துட்டுப் போகும்ங்கிறது எங்க கையில இல்ல.

சரி, உண்மையான புகாருக்கு வர்றேன். பெரும்பாலும் அது இப்படித்தான் இருக்கும்:

"எங்க ஊர் பத்தி தப்பா போட்டிருக்கீங்க. உடனே மாத்தவும்."

எந்த ஊருங்கனு கேட்டா ஒரு நாள் கழிச்சு பதில் வரும், "புதூர்". அண்ணே, தமிழ்நாட்டுல புதூர் இல்லாத மாவட்டத்தைக் காட்டுங்க பாப்போம். எந்தப் புதூருங்கனு திரும்பக் கேட்டா "அரக்கோணம் பக்கம்"னு வரும், அதுல என்ன தப்புனு கேட்டா "எல்லாமே தப்பு"னு வரும். டாக்டர்கிட்ட போய் உடம்பு சரியில்லனு மட்டும் சொல்லிட்டு ரோட்டுக்கு வந்து நின்ன மாதிரிதான் இது. கடைசில தோண்டித் துருவிப் பாத்தா விஷயம் என்னன்னா, கட்டுரைல வேலூர் மாவட்டம்னு இருக்கு, 2019 நவம்பர்ல ராணிப்பேட்டை தனி மாவட்டமானப்போ அரக்கோணம் அதுக்குள்ள போயிடுச்சு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி! மாத்த எவ்வளவு நேரம் ஆகும், ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷ வேலைக்கு முன்னாடி ஒரு வாரம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கேள்வி கேட்டுக்கிட்டிருந்தோம். பக்கத்தோட லிங்க்கு, எந்த வரி தப்பு, சரியானது என்ன, அது எங்க போட்டிருக்கு, இதை ஒரே மூச்சுல எழுதிட்டீங்கன்னா அன்னிக்கு ராத்திரியே முடிஞ்சுரும்.

இந்த ஊராட்சி கட்டுரைங்க பத்தி கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும், ஏன்னா புகார்ல நிறைய இங்கிருந்துதான் வருது. ஆயிரக்கணக்கான ஊராட்சிக்கு அரசாங்கத் தரவை வெச்சு தானியங்கி மூலமா ஏத்தின பக்கங்கள் அதெல்லாம். எந்த ஊரைத் தொறந்தாலும் ஒரே அச்சு, எந்த சட்டமன்றத் தொகுதி, எத்தனை வார்டு, 2011 கணக்கெடுப்புப்படி எத்தனை பேரு, அப்புறம் ஒரு அட்டவணை, கைக்குழாய் எத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எத்தனை, ஊரணி எத்தனை, சுடுகாடு எத்தனைனு. அது ஊரக வளர்ச்சித் துறையோட 2015-ஆம் வருஷத் தரவு, அட்டவணைக்கு மேலயே எழுதியிருக்கும், யாரும் படிக்கிறதில்ல. "எங்க ஊர்ல இப்ப மூணு டேங்க் இருக்கு, நீங்க ஒண்ணுனு போட்டு எங்க ஊரைக் கேவலப்படுத்துறீங்க"னு சண்டைக்கு வந்தா நான் என்ன பண்ண, 2015-ல ஒண்ணுதான் இருந்திருக்கும். மக்கள்தொகையும் அப்படித்தான். 2021-ல எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனால தள்ளிப்போய், இப்போ 2027-னு அறிவிச்சிருக்காங்க, அது முடிஞ்சு எண்ணிக்கை வர்ற வரைக்கும் ஊர் ஊருக்கு 2011 கணக்கைத் தவிர வேற முழுக் கணக்கே நாட்டுல கிடையாது. "இப்போ பத்தாயிரம் பேர் இருக்கோம்"னு நீங்க மாத்தினா நாங்க திரும்ப பழையபடி வைக்கத்தான் செய்வோம், கோவிச்சுக்காதீங்க, உங்க மேல சந்தேகம்னு இல்ல, எண்ணினது யாருன்னு ஒரு கேள்வி இருக்குல்ல.

சான்று கேட்டாதான் நிறைய பேருக்கு ரோஷம் வருது. "நான் அந்த ஊர்க்காரன், எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" நியாயமான கோபம்தான், ஆனா படிக்கிறவங்களுக்கு நீங்க யாருனு எப்படிங்க தெரியும். இதுல உலகப் புகழ்பெற்ற கேஸ் ஒண்ணு இருக்கு. அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், தன்னோட நாவல் ஒண்ணு யாரை மனசுல வெச்சு எழுதினதுங்கிறது ஆங்கில விக்கில தப்பா இருக்குனு திருத்தச் சொன்னாரு. எழுதினவர் சொன்னா மட்டும் போதாது, இரண்டாம் நிலைச் சான்று, அதாவது அவரைத் தவிர வேற யாராவது எழுதினது வேணும்னு பதில் வந்துச்சு. மனுஷன் என்ன பண்ணாரு, 2012-ல நியூயார்க்கர் பத்திரிகைல விக்கிப்பீடியாவுக்கு ஒரு நீளமான திறந்த மடல் எழுதிட்டாரு, கடைசில அந்த மடலே சான்றாகி கட்டுரைல ஏறிடுச்சு. விதிப்படி பாத்தா அந்தப் பதில்ல பெரிய தப்பு இல்ல, ஏன்னா நான்தான் பிலிப் ராத்னு யாரு வேணா எழுதலாம், அதுவும் போக விமர்சகர்கள் வேற மாதிரி எழுதியிருந்தா அதையும் ஒரு கலைக்களஞ்சியம் சொல்லித்தான் ஆகணும். ஆனா சொன்ன விதம் எனக்குப் பிடிக்கல. "நீங்க சொல்றதை எங்கயாவது வெளில எழுதுங்க, இல்ல பழைய பேட்டி இருந்தா காட்டுங்க, அதை அப்படியே உங்க பேரைப் போட்டே சேர்த்துடுறோம்"னு ஒரு வழியைக் காட்டியிருந்தா அந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. நம்ம கூட்டத்துலயும் சிலர் இதே மாதிரி கொள்கைப் பக்கம் பேரை மட்டும் தூக்கிப் போட்டுட்டு நகர்ந்துடுறாங்க, அதை நான் நியாயப்படுத்தப் போறதில்ல.

உயிரோட இருக்குற ஒருத்தரைப் பத்தி அவதூறு இருந்தா மட்டும் கணக்கே வேற, அங்க சான்று காட்ட வேண்டியது நீங்க இல்ல, அதை எழுதினவங்கதான். சான்று இல்லைனா உடனே தூக்கணும், அப்புறமா பேசிக்கலாம். இந்தக் கண்டிப்பு வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. 2005-ல ஜான் சைகன்தாலர்ங்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் பத்தி, கென்னடி கொலைல இவருக்கும் பங்கு இருக்கலாம்னு சந்தேகப்பட்டாங்கனு யாரோ விளையாட்டுக்கு எழுதி வெச்சது மாசக்கணக்கா அப்படியே கிடந்துச்சு, நண்பர் ஒருத்தர் பாத்துச் சொல்லி அவருக்குத் தெரிய வந்து, அந்த நவம்பர்ல யுஎஸ்ஏ டுடேல எழுதி நாறடிச்சாரு. அதுக்கப்புறம்தான் ஆங்கில விக்கில லாகின் பண்ணாதவங்க புதுக் கட்டுரை தொடங்குறதையே நிறுத்தினாங்க. அதனால இந்த மாதிரி விஷயத்துல தயங்காதீங்க, தலைப்புலயே "வாழும் நபர், அவசரம்"னு போடுங்க. ஆனா அந்த அவதூறையே திரும்ப முழுசா அங்க ஒட்டி வைக்காதீங்க. எல்லார் முன்னாடியும் பேச முடியாததுனா விக்கிமீடியாவுக்கு மின்னஞ்சல் அனுப்ப ஒரு வழி இருக்கு, அங்கயும் பதில் போடுறது தன்னார்வலர்கள்தான், ஆனா வெளில விடமாட்டாங்க.

படம் நீக்கிட்டாங்கனு வர்ற அழுகைக்கும் ஒரு வார்த்தை. உங்க மாமா படம்தான், ஆனா எடுத்தது வேற யாரோ ஒருத்தர், உரிமை பொதுவா எடுத்தவர் பக்கம்தான் இருக்கும், படத்துல இருக்குறவருக்கு இல்ல. பேஸ்புக்ல இருந்து இறக்கி, விக்கிக்குப் படம் சேர்த்து வைக்கிற பொதுவகத்துல ஏத்தினா போயிடத்தான் செய்யும். "விக்கில மட்டும் போட்டுக்கலாம்"னு அவர் வாயால சொன்னாலும் பத்தாது, யாரு வேணா, காசுக்குக் கூட, எடுத்துக்கலாம்னு எழுத்துல விட்டுக்குடுக்கணும். அதைவிட ஈஸி, அடுத்த வாட்டி மாமாவைப் பாக்கப் போறப்போ உங்க போன்லயே ஒண்ணு எடுத்துடுங்க.

அப்புறம், காசு. உங்களுக்குப் பக்கம் போட்டுத் தர்றேன், எடுத்துடாம பாத்துக்குறேன், நான் உள்ள ஆளுனு யாராவது பணம் கேட்டா அவன் ஏமாத்துறான். 2015-ல ஆங்கில விக்கில இதே வேலை பாத்த 381 கணக்குகளை ஒரே மூச்சுல தடை பண்ணாங்க, நிராகரிச்ச வரைவுகளைப் பொறுக்கி, அந்த சின்ன சின்ன கம்பெனிக்காரங்ககிட்டயே போய் பக்கம் ஏத்தித் தர்றேன்னு காசு வாங்கி, அப்புறம் காப்பாத்துறேன்னு மாசா மாசம் வேற கறந்திருக்காங்க. அப்படி யாராவது உங்களை அணுகினா பேரோட வந்து சொல்லுங்க, பக்கம் வேணும்னு ஆசைப்பட்டது ஒண்ணும் குத்தம் இல்ல, வெக்கப்படாதீங்க.

ஆப்ல எழுத்து ஒட்டிக்குது, தொகுக்கப் போனா பக்கம் தொங்குது, இதெல்லாம் எங்களால சரிபண்ண முடியாது, டெவலப்பர்கள் பேப்ரிகேட்டர்னு ஒரு இடத்துல பிழைப் பட்டியல் வெச்சிருக்காங்க, அங்க நாங்க பதிஞ்சு விடுவோம். என்ன போனு, எந்த பிரௌசர், ஒரு ஸ்கிரீன்ஷாட், இந்த மூணு இல்லாம அங்க யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க.

எங்க ஆளுங்களுக்கும் இதுலயே ஒண்ணு சொல்லிடுறேன். தப்பைச் சொல்ல வந்தவர்கிட்ட "விக்கில யாரும் தொகுக்கலாம், நீங்களே திருத்துங்க"னு சொல்றதை முதல் பதிலா வைக்காதீங்கப்பா. அவர் எழுத வரல, சொல்ல வந்திருக்காரு. வார்ப்புருவும் அடைப்புக்குறியுமா இருக்குற அந்தப் பக்கத்தை போன்ல தொறந்தா பழகின எனக்கே கண்ணு கட்டுது. முதல்ல திருத்திக் குடுங்க, திருத்தினதைக் காட்டுங்க, அப்புறமா இப்படித்தான் பண்ணோம்னு ஒரு வரி போடுங்க, ஆசை இருந்தா மணல்தொட்டிங்கிற பயிற்சிப் பக்கத்துல பழகிட்டு அவரா வருவாரு.

கடைசியா உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். கேட்டுட்டு அப்படியே போயிடாதீங்க. கணக்கு ஒண்ணு தொடங்கி லாகின் பண்ணிக் கேட்டீங்கன்னா பதில் போட்டதும் மணியடிச்சு அறிவிப்பு வரும், இல்லைனா ரெண்டு மூணு நாள் கழிச்சு அதே பக்கத்துக்கு ஒரு எட்டு வந்து பாருங்க, அனேகமா எந்தப் புதூருனு கேட்டு வெச்சிருப்போம். கண்டுக்காம விட்டா அது காப்பகத்துக்குப் போயிடும், அங்க போனதை யாரும் தேடிப் படிக்கிறதில்ல, காணோம்னா அதே கேள்வியைப் புதுசா ஒருவாட்டி போடுங்க.