வசனம் எழுதும் முன் அதிகாரத்தை வாசிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வரும் நினைவஞ்சலி, திருமண வாழ்த்து, கடை திறப்பு விளம்பரங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் போடும் வேத வசனங்கள் பற்றி, ஒரு கிறிஸ்தவ வாசகராக எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கும் இடத்தில் வசனம் போடுவது நல்ல வழக்கம். அது தொடர வேண்டும். ஆனால் வேதாகமத்தைத் திறந்து பார்க்காமலே, வாக்குத்தத்த அட்டையிலிருந்தும் (ஒற்றை வசனம் அச்சிட்ட அட்டை) வாட்ஸ்அப்பிலிருந்தும் வசனத்தை எடுத்து எழுதுவது பெருகிவிட்டது.

புதுக் கடைகளின் சுவரில் அதிகம் காணப்படும் வசனம் யோபு 8:7, அதாவது யோபு புத்தகத்தின் 8ஆம் அதிகாரம் 7ஆம் வசனம். துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்பது அது. இதைச் சொன்னவர் கர்த்தர் அல்ல, யோபின் நண்பர் பில்தாத். மூன்று வசனம் மேலே போய் 8:4ஐப் பாருங்கள். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தகப்பனான யோபிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்கான பலனை அடைந்தார்கள் என்கிறார் இவர். புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், 42:7இல், எலிப்பாசும் அவருடைய இரண்டு நண்பர்களும் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கோபம் கொள்கிறார். அந்த இருவரில் ஒருவர்தான் பில்தாத். அதே கருத்து வேண்டுமென்றால் 42:12ஐப் போடலாம். யோபின் முன்னிலைமையைவிடப் பின்னிலைமையைக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று அங்கே வேதமே சொல்கிறது.

யோபு புத்தகத்தில் இந்தக் குழப்பம் சுலபமாக வரும். 42 அதிகாரங்களில் பெரும்பகுதி வாக்குவாதம். அதனால் வாசிக்கத் தொடங்கும்போதே ஓரத்தில் பென்சிலால் பேசுகிறவர் பெயரைக் குறித்துக்கொள்வது நல்லது. 4, 5, 15, 22 எலிப்பாஸ். 8, 18, 25 பில்தாத். 11, 20 சோப்பார். 32 முதல் 37 வரை எலிகூ. 38 முதல் 41 வரை கர்த்தர். இடையில் பதில் சொல்வது யோபு. நாளுக்கு இரண்டு அதிகாரம் என்றால் மூன்றே வாரத்தில் முடிந்துவிடும். நீ நிர்ணயிக்கும் காரியம் நிலைவரப்படும் என்று எலிப்பாஸ் பேசிய 22:28உம் புத்தாண்டு அட்டைகளில் அடிக்கடி வருவது அப்போது தெரியும்.

எரேமியா 29:11க்கும் இதே நிலைதான். உங்களைக் குறித்து நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பதற்கே என்று கர்த்தர் சொல்வது அது. தேர்வு முடிவு நாளில் பிள்ளைகளுக்கு அனுப்பப்படும் இந்த வசனம், பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. அதுவரை வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது 5ஆம் வசனம். இத்தனையும் சேர்ந்துதான் அந்த வாக்குறுதி. உடனே கிடைக்கும் என்று நம்பிக் கிடைக்காமல் போன பிள்ளை, வேதத்தின் மேலேயே நம்பிக்கை இழக்கும்.

தொடர்ந்து வாசிப்பது ஒன்றுதான் இதற்கு வழி. பலர் ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி, நாளுக்கு மூன்று அதிகாரம் என்று போகிறார்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90 அதிகாரம் ஜனவரி 30இல் முடியும். மறுநாள் அடுத்த புத்தகமான லேவியராகமத்தின் பலி முறைமைகள். அங்கேதான் பெரும்பாலும் நின்றுபோகிறது. அந்தப் பகுதியை மட்டும் தனியாக வாசிக்காமல், 16ஆம் அதிகாரத்தோடு புதிய ஏற்பாட்டின் எபிரெயர் 9, 10ஐச் சேர்த்து வாசித்தால், மக்களின் பாவம் நீங்கப் பலியிடும் பாவநிவிர்த்தி நாளின் பொருள் விளங்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் புதிய ஏற்பாடு போதும். அதில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். 16 அதிகாரமே உள்ள மாற்குவில் தொடங்கலாம். விட்டுப்போனதைச் சனிக்கிழமை பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் விட்டுப்போனால் அன்றைய பகுதியிலிருந்தே தொடருங்கள். பத்து அதிகாரக் கடனை ஒரே மூச்சில் அடைக்கப் போய் முற்றிலும் விட்டவர்கள்தான் அதிகம். வாய்விட்டு வாசிப்பது இன்னும் நல்லது; குடும்ப ஜெபத்தில் ஆளுக்குப் பத்து வசனமாக வாசித்தால் பிள்ளைகளும் கூட வருவார்கள். முடித்ததும் ஒரு நோட்டில் யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு அடிக்கோடு போடலாம்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் வசனத்தோடு அதன் இடத்தையும் முழுமையாக அச்சிடுங்கள். புத்தகப் பெயருக்கு முன்னுள்ள எண் விழுந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. 1 யோவான் 4:18 பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்கிறது. திருமண வாழ்த்துக்கு ஏற்றது. அந்த 1 விடுபட்டால், ஐந்து புருஷர் இருந்த சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசிய யோவான் 4:18 ஆகிவிடும். கொரிந்தியர், தீமோத்தேயு, பேதுரு, சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் எல்லாவற்றிலும் இதே ஆபத்து உண்டு. கத்தோலிக்கக் குடும்பங்கள் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலிருந்து கொடுத்தால் திருப்பாடல் என்றே போடுங்கள். அதே நூலுக்கு மற்ற சபையார் வழங்கும் சங்கீதம் என்ற பெயராக அதை மாற்ற வேண்டாம். புரூஃப் பார்க்கும்போது குடும்பத்தாரிடம் வசனத்தை வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை