நம் ஆஸ்பத்திரி தியேட்டருக்கு ஒரு மானிட்டர்: நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருப்பவர்களுக்கும், வேலைக்காக வெளியூர், வெளிநாடு போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் தாலுகா அரசு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டருக்கு நோயாளியின் இதயத் துடிப்பையும் மூச்சையும் திரையில் காட்டும் ஒரு புது மானிட்டரும், அதோடு மயக்கத்தில் இருப்பவரின் மூளை அலைகளைப் பார்க்கும் கருவி ஒன்றும் வாங்கிக் கொடுக்கக் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். "அங்கேதான் ஏற்கெனவே ஒரு மானிட்டர் இருக்கிறதே?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இருக்கிறது. அனுமதி வாங்கி, தொப்பியும் அங்கியும் மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தோம். பச்சைக் கோடாக ஈசிஜி ஓடிக்கொண்டிருந்தது. ரத்தக் கசிவை நிறுத்த சர்ஜன் கரண்ட் வைத்துச் சுட்டதும் அந்தக் கோடு கிறுக்கலாகச் சிதறிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் உடனே இரண்டு விரலை நோயாளியின் நெற்றிப்பொட்டில் வைத்து நாடி பார்த்தார். கிறுக்கல் அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை. இப்போது வரும் மானிட்டர்களில் இந்தக் குறுக்கீட்டை வடிகட்டும் வசதி உண்டு.

இன்னொரு குறை, வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் பகுதி இங்கே இருக்கும் மானிட்டரில் இல்லை. ஈசிஜி காட்டுவது இதயத்தின் மின்சாரத்தை மட்டும்தான். இதயம் ரத்தத்தைத் தள்ளுகிறதா என்பதை அது சொல்லாது. கோடு ஒழுங்காக ஓடும்போதே ரத்த ஓட்டம் நின்றுபோக வாய்ப்புண்டு. அப்போது மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு சட்டென்று சரியும். மயக்கத்தில் மூச்சு கொடுக்கப் போடும் குழாய் மூச்சுக்குழலில்தான் இருக்கிறதா, தவறி உணவுக்குழலுக்குள் போய்விட்டதா என்பதையும் அதே அளவு காட்டிக்கொடுக்கும்.

மயக்கத்தில் எதைக் கவனிப்பது என்பது பழைய விவாதம். அந்தக் காலத்து மயக்க மருந்தான குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டவர்கள் ஆபரேஷன் மேஜையிலேயே இறந்துபோனது ஏன் என்று கண்டுபிடிக்க, 1889இல் ஹைதராபாத்தில் ஒரு ஆய்வுக்குழு கூடியது. நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்து லண்டனிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். மூச்சுதான் முதலில் நிற்கும், அதைக் கவனித்தால் போதும், நாடி பார்க்கத் தேவையில்லை என்று அந்தக் குழு முடிவு சொன்னது. அது தவறு. மயக்கம் லேசாக இருக்கும்போதே குளோரோஃபார்ம் இதயத் துடிப்பைக் குலைத்துத் திடீரென நிறுத்திவிடும் என்று 1911இல் லெவி என்ற மருத்துவர் பூனைகளில் சோதித்துக் காட்டினார். ஒன்றை மட்டும் பார்த்தால் போதும் என்ற எண்ணத்துக்கு அப்போதே நிறைய உயிர்கள் போயிருக்கின்றன.

சரி, மூளைக்கு எதற்குத் தனிக் கருவி? எங்கள் குழுவில் உள்ள ஒரு அக்காவுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வேறொரு ஊரில் முழு மயக்கத்தில் சிசேரியன் நடந்தது. நடுவில் நினைவு வந்துவிட்டது. டாக்டர்கள் பேசியது கேட்டது. கத்த வேண்டும் என்று நினைத்தார், விரலைக்கூட அசைக்க முடியவில்லை. தசைகளைத் தளர்த்த ஊசி போட்டிருந்ததால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. இன்றும் அவர் மல்லாந்து படுப்பதில்லை.

இது அரிதுதான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்த பெரிய கணக்கெடுப்பு 2014இல் வெளியானது. முழு மயக்கம் கொடுத்தவர்களில் ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர் இப்படி நினைவு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். சிசேரியனில் அது ஏறக்குறைய 670 பேருக்கு ஒருவர். நாடியும் பி.பி.யும் ஏறுவதை வைத்துச் சந்தேகப்படலாம். ஆனால் துடிப்பைக் குறைக்கும் பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த அடையாளமும் மறைந்துவிடலாம்.

இந்தக் கருவிக்கு நெற்றியில் ஒரு பட்டை ஒட்டுகிறார்கள். மூளை அலைகளைக் கணக்கிட்டு 0 முதல் 100 வரை ஒரு எண் காட்டும். டெமோவின்போது எங்கள் பொருளாளருக்கு ஒட்டிப் பார்த்தோம். விழித்திருந்ததால் 97 காட்டியது. ஆபரேஷனில் 40க்கும் 60க்கும் நடுவில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். அதற்கும் கீழே போனால் மருந்து தேவைக்கு மேல் போகிறது என்று சந்தேகிக்கலாம். வயதானவர்களுக்குக் கொஞ்சம் மருந்தே போதும் என்பதால் அவர்களுக்கு இது ரொம்ப உதவும். அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதும் உண்மை. கீட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்தால் ஆழ்ந்த மயக்கத்திலும் எண் ஏறிக் காட்டும். பக்கத்தில் டாக்டர் இருந்தே ஆக வேண்டும். நம் டாக்டர் இருக்கிறார், கருவிதான் இல்லை.

இப்போது பணம். எங்கள் இலக்கு 14 லட்சம் ரூபாய். அதில் 3 லட்சத்தைக் கருவி வாங்கத் தொடவே போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். நெற்றிப் பட்டை ஒரு நோயாளிக்கு ஒன்று, மறுபடி பயன்படுத்த முடியாது, ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். கருவியை வாங்கிவிட்டுப் பட்டை வாங்கக் காசில்லாமல் உறை போட்டு மூடி வைத்தால் யாருக்கு லாபம்? அந்த 3 லட்சம் பட்டைகளுக்கும் வருடப் பராமரிப்புக்கும். வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள், முழு மயக்கத்தில் சிசேரியன் ஆகிறவர்கள், இவர்களுக்கு முதலில்.

ஒரு பட்டைக்கான காசு கொடுத்தாலும் போதும், நூறு ரூபாயும் வாங்கிக்கொள்வோம். பணமெல்லாம் மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கம் வழியாகவே போகும். கருவி மருத்துவமனையின் இருப்புப் பதிவேட்டில் ஏறும். கொடுப்பவர்கள் கையோடு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவை மாதாமாதம் முதல் ஞாயிறு அன்று புறநோயாளிகள் பிரிவு வாசலில் ஒட்டிவைப்போம். பெயர் போட வேண்டாம் என்பவர்கள் ரசீது எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மானிட்டர் நிதிக் குழுவினர்