உளுந்து நெத்தாகுற நேரத்துல தேதியை நீட்டாதீங்க

நாட்டோட வர்த்தகக் கொள்கையை எழுதுற டெல்லி அதிகாரிகளுக்கு, மன்னார்குடி பக்கத்து உளுந்து விவசாயியோட வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 2021 மே மாசம் உளுந்து இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்தீங்க, அக்டோபர் வரைக்கும்தான்னு சொன்னீங்க, அப்புறம் நீட்டி நீட்டி 2025 மார்ச்ல மறுபடியும் ஒரு வருஷம் நீட்டுனீங்க.

மார்ச்னா எங்களுக்கு மாசி பங்குனிங்க, உளுந்துக் காய் முத்திக் காஞ்சு நெத்தாகுற நேரம். சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே நிக்கிற நெல்லுக்குள்ள உளுந்தைத் தெளிச்சிடுவோம், தனியா தண்ணி கிடையாது, மண்ணுல இருக்குற ஈரத்தையும் பனியையும் வச்சே வளரணும், அறுப்பு மெஷின் ஏறி நசுக்குனது போக தப்பிச்சதுதான் காய்க்கும். வெயில் ஏறுனா நெத்து வெடிச்சு கொட்டிடும்னு என் வீட்டுல விடியக்காலம் நாலு மணிக்கே ஆளுங்களோட செடி புடுங்கப் போவாங்க, அந்தப் பனியில புடுங்கிப் புடுங்கி விரலெல்லாம் வெடிச்சுக் கிடக்கும்.

அந்த 2025ல எனக்கு நாலு மூட்டை தேறுச்சு. குட்டியானை வண்டியில ஏத்திட்டு மண்டிக்குப் போனா, மண்டிக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்துட்டு, "சரக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா பர்மா உளுந்து மெட்ராஸ்ல இறங்கிடுச்சே அண்ணே"ன்னாரு. அப்ப அரசாங்கம் அறிவிச்சிருந்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7400 ரூபாய், அவர் கேட்டது அதுக்கும் கீழ. கோவத்துல திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அதே விலைக்குக் கொண்டு போய் போட்டேன், நகைக்கடனுக்கு கெடு முடிஞ்சிடுச்சு, வேற என்ன செய்ய?

பர்மா விவசாயி மேல எனக்கு வருத்தமில்ல, அவரும் என்னை மாதிரிதான். நாட்டுல பருப்பு பத்தலன்னா வரவழைக்கத்தான் வேணும், இட்லி எல்லார் வீட்டுலயும் வேகணும். நான் கேக்குறது ஒண்ணுதான், அந்த முடிவை நாங்க விதைக்குறதுக்கு முன்னாடி, மார்கழிக்குள்ள சொல்லுங்க. தெளிக்கலாமா வேணாமான்னு நாங்க யோசிச்சுக்குவோம்.

உளுந்து மட்டும் இல்லைங்க. 2023 ஜூலை 20 பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு ராத்திரியோட ராத்திரியா தடை, அடுத்த மாசமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீதம் வரி, 2024 செப்டம்பர்ல தடையை எடுத்துட்டீங்க. விலை ஏறுனா வெளிய அனுப்பாதேன்னு எங்களைத் தடுக்குறீங்க, ஏறிடுமோன்னு பயந்தாலே வெளியிலேருந்து இறக்குறீங்க, அப்ப விவசாயிக்கு விலை ஏறுற நாளே வரக்கூடாதா? 2023 கொள்கையில 2030க்குள்ள 2 லட்சம் கோடி டாலர் ஏற்றுமதின்னு எழுதியிருக்கீங்க, நல்லா நடக்கட்டும், ஆனா அந்தக் கணக்குல விதைப்பு மாசமும் அறுப்பு மாசமும் எந்தப் பக்கத்துல இருக்கு?

கோவத்துல கொஞ்சம் கூடுதலா பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. இறக்குமதி முடிவை மார்கழிக்குள்ள அறிவியுங்க, பங்குனி சித்திரை ரெண்டு மாசமாவது வர்ற சரக்குக்கு ஒரு அளவு வையுங்க. தயவுசெஞ்சு அடுத்த தெளிப்புக்கு முன்னாடி செய்யுங்கய்யா.