நாடாப்புழு மாத்திரையோடு தெள்ளு மருந்தும் வேண்டி மனு

அனுப்புநர்: வார்டு தமிழ்க் குடும்பங்கள் சார்பாக ஒரு குடியிருப்பாளர், தன்லின் (சிரியம்), யாங்கோன் பிராந்தியம்.

பெறுநர்: கால்நடை மருத்துவ அதிகாரி அவர்கள், கால்நடை வளர்ப்பு மற்றும் மருத்துவத் துறை, தன்லின்.

பொருள்: வார்டு நாய், பூனைகளுக்கு ஒரே நாளில் மருந்து கொடுப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் நாய் படுக்காத வாசல் இல்லை. அவற்றை ஒழிக்கச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. சோறு வைப்பதே நாங்கள்தான்.

சென்ற மழைக்காலத்தில் என் நாய் படுக்கும் சாக்கில் சோற்றுப் பருக்கை போல ஏதோ ஒட்டிக் கிடந்தது. உதறினேன், ஒன்று நெளிந்தது. கடையில் புழு மாத்திரை வாங்கிக் கொடுத்தும் நிற்கவில்லை. அது பைரண்டல், உருளைப்புழுவுக்குத்தான் கேட்கும் என்று பிறகு ஒரு மருத்துவர் சொல்லித் தெரிந்தது. அவர் கொடுத்த பிராசிகுவாண்டல் என்னும் நாடாப்புழு மாத்திரையில் நின்றது. சரி, தீர்ந்தது என்றிருந்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பருக்கை!

மருந்தைக் குறை சொல்ல முடியாது. பருக்கை போலத் தெரிவது நாடாப்புழுவின் உடல் துண்டு. அதற்குள் இருக்கும் முட்டையைத் தெள்ளின் இளம்புழு தின்கிறது. அது தெள்ளாக வளர்ந்து நாய்மேல் ஏறுகிறது. அரிப்பு தாங்காமல் நாய் அதைக் கடித்து விழுங்கினால் இரண்டு மூன்று வாரத்தில் குடலில் புதுப் புழு. நாயோடு புரளும் சின்னப் பிள்ளைகள் தவறி ஒரு தெள்ளை விழுங்கினாலும் இதே கதைதான். மாத்திரை வயிற்றில் இருப்பதைத்தான் கொல்லும், சாக்கிலும் தரையிடுக்கிலும் இருக்கும் தெள்ளை என்ன செய்யும்? என் வீட்டில் ஒழித்தாலும் பக்கத்து வாசல் நாய் கொண்டுவந்து விட்டுவிடுகிறது.

ஆகவே வெறிநாய்த் தடுப்பூசி போட வரும் நாளிலேயே வார்டு முழுவதற்கும் பிராசிகுவாண்டலும் தெள்ளு மருந்தும் சேர்த்துக் கொடுக்குமாறு வேண்டுகிறோம். பூனைக்குத் தனி மருந்து வேண்டும். நாய்க்கு விடும் பெர்மெத்ரின் என்னும் தெள்ளு மருந்து பூனையின் உயிருக்கே ஆபத்து என்பது தாங்கள் அறியாததல்ல, ஆனால் இங்கே பலருக்குத் தெரியாது. பர்மியிலும் தமிழிலும் ஒரு துண்டறிக்கை கொடுத்தால் நல்லது.

இன்னொன்றையும் ஒளிப்பானேன். திருவிழாவில் ஆடு வெட்டினால் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறிவது எங்கள் பழக்கம். எக்கினோகாக்கஸ் என்னும் வேறொரு நாடாப்புழு நாய்க்கு அந்த வழியாகத்தான் வருகிறது. நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றினால் ஈரலில் நீர்க்கட்டி வரும். எறிவதை நாங்களே நிறுத்திக்கொள்கிறோம், கழிவை ஆழப் புதைக்க ஓர் இடம் காட்டினால் போதும்.

நாய்களைப் பிடித்துக் கொடுக்க எங்கள் பிள்ளைகள் வருவார்கள். கோயிலடிக் கறுப்பு நாய் மட்டும் கொஞ்சம் முன்கோபி, அதை நானே பிடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
வார்டு குடியிருப்பாளர்கள்

இணைப்பு: இம்மனுவின் பர்மிய மொழிபெயர்ப்பு, கையொப்பங்கள்.